தோல்வியே தொழிலாக

மாத்தளையில் ஒரு மாணவன் குத்துச்சண்டைக் கையுறையை அணிந்தானாயின், 1938ஆம் ஆண்டு சிட்னியில் இலங்கைக்குத் தங்கப் பதக்கம் வென்ற பார்னி ஹென்ரிகஸின் பெயரை அவனுக்கு யாரேனும் சொல்லக்கூடும். பீட்டர் பக்லியின் பெயரை எவரும் சொல்லப்போவதில்லை.

பக்லி இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரத்தவர். 1989 முதல் 2008 வரை பணத்துக்காக 300 சண்டைகள் செய்தவர். அவற்றில் வென்றவை 32. சமநிலையில் முடிந்தவை 12. எஞ்சிய 256 தோல்விகள். இத்தனை முறை தோற்றவரை மீண்டும் மீண்டும் அழைத்தது ஏன் என்ற கேள்வி எழுகின்றதல்லவா?

சிறு நகரங்களில் நடக்கும் சண்டைகளுக்கு நுழைவுச்சீட்டை வாங்குவோர் பெரும்பாலும் உள்ளூர் இளைஞனின் உறவினரும் நண்பரும் ஆவர். அவன் தோற்றால் அடுத்த முறை அரங்கு நிரம்பாது. ஆகவே, சில சுற்றுகள் தாக்குப்பிடித்து, இளைஞனுக்கும் பெருங்காயம் விளைக்காமல், புள்ளிகளில் தோற்கும் கைதேர்ந்த ஒருவர் தேவைப்படுகிறார். பக்லி அத்தகையவர். 1995இல் உலகப் பட்டம் பெற்ற நசீம் ஹமெட்டும், அதற்கு முன்னர், இருமுறை இவருடன் மோதியே பழகினார். இத்தொழிலில் தலையைக் காப்பதே முதற் கலை. அடிபட்டு வீழ்ந்தவரை மருத்துவ விதிப்படி சில வாரங்கள் மேடையேற விடமாட்டார்கள்; அந்த வாரங்களில் கூலியும் இல்லை.

இது மோசடியா? 1947இல் நியூயோர்க்கில் ஜேக் லமோட்டா, பில்லி ஃபொக்ஸ் என்பவரிடம் வேண்டுமென்றே தோற்றார். பட்டத்துக்குப் போட்டியிட வாய்ப்புப் பெறுவதற்காகவே அவ்வாறு செய்ததாக 1960இல் அமெரிக்க செனட் சபையின் விசாரணைக் குழுவின் முன் அவரே ஒப்புக்கொண்டார். அக்காலத்தில் இவ்விளையாட்டைத் திரைமறைவில் ஆட்டிவைத்த பிராங்கி கார்போவுக்கு 1961இல் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. அது வெளிப்படையான குற்றம். பக்லி போன்றோரிடம் தோற்குமாறு எவரும் கேட்கவேண்டியதில்லை. எதிராளியைத் தெரிவு செய்யும்போதே முடிவும் ஏறத்தாழத் தெரிவாகிவிடுகிறது. சட்டம் இதில் தலையிடுவதற்கு இடமில்லை. ஆயினும், இப்படிச் சேர்த்த வெற்றிகளைக் காட்டி ஓர் இளைஞனை "தோல்வியே காணாதவன்" என்று விளம்பரப்படுத்துவது செல்லாக்காசைச் சந்தையில் மாற்றுவதற்கு ஒப்பாகும்.

அதன் விலையைச் செலுத்துவது கூலிக்குச் சண்டையிடுபவரின் உடல். தலையில் ஓயாது விழும் அடிகள் மூளையைக் கெடுத்து, நடையையும் பேச்சையும் தடுமாறச் செய்வதை மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928இலேயே எழுதியிருந்தார். வீழ்த்தும் ஓர் அடியைவிட, பல ஆண்டுகள் சேரும் அடிகளே அஞ்சத்தக்கவை.

2008ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் திகதி பக்லி தமது 300ஆவது சண்டைக்காகச் சொந்த ஊரிலேயே மேடையேறினார். சீட்டு வாங்கிய கூட்டம் அன்றைக்கு அவருடைய பக்கம். ஏறத்தாழ ஐந்தாண்டுகளாக வெற்றியே காணாத அவர், அன்று புள்ளிகளில் வென்றார்.