ஒரு தூக்கத்துக்கு ஒரு சதுரம்

இத்தனை நாள் எபிசோடு வராததுக்குக் காரணம், வீட்டுல இருக்கிற ஆறு வாரக் குழந்தை.

பிறந்த குழந்தை ஒரு நாளைக்குச் சுமார் 16 மணி நேரம் தூங்கும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை பாலுக்கு எழுந்துடும். நடுவுல நாமளும் தூங்கணும். தையல் மெஷின்ல உட்கார வழியே இல்லை.

அதனால குவில்ட் வேலையைத் துண்டு துண்டாப் பிரிச்சேன். அம்மாவோட பழைய காட்டன் புடவை, 10 சென்டிமீட்டர் சதுரங்கள், கையாலேயே ரன்னிங் ஸ்டிச். வங்காளத்துல பழைய புடவைகளை அடுக்கித் தைக்கிற காந்தாவுக்கும் அடிப்படை இதே ஸ்டிச்தான். குழந்தை அழுதா எங்க வேணா நிறுத்தலாம். முடிஞ்ச சதுரம், கமிட் பண்ண கோடு மாதிரி, தொலையாது.

ஆனா ஊசி தொலையும்! ஒரு ராத்திரி ஒண்ணைக் காணாம, விரிப்பையெல்லாம் உதறித் தேடினோம். இப்ப எண்ணி எடுத்து, எண்ணி டப்பாவுல வைக்கிறேன்.

இன்னொண்ணு: முதல் வருஷம் தூங்குற குழந்தைக்குக் குவில்ட் போர்த்தாதீங்க. முகத்தை மூடினா மூச்சுத் திணறும். முழிச்சிருக்கும்போது தரையில விரிச்சு, பக்கத்துலயே இருங்க.

போன வாரம் நாலு சதுரம்தான் முடிஞ்சது. ஆனா டயப்பர் மாத்தினதைத் தவிர, எனக்குன்னு செஞ்சது அந்த நாலுதான்.