பேர் வெட்டிய தவலை

தங்கை வீட்டுக் கூடத்தில் இப்போது ஒரு பித்தளைத் தவலை நிற்கிறது. உள்ளே தண்ணீர், மேலே நாலு பூ. அது எங்கள் அப்பத்தாவின் சீர்.

கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக உளி தட்டிய எழுத்தில் அவள் பெயரும், முன்னால் அவள் அப்பாவின் முதலெழுத்தும் இருக்கின்றன. வருடம் வெட்டவில்லை. ஆனாலும் காலம் தெரிகிறது. பெயரின் கடைசியில் வரும் ‘லை’யில் ஐகாரம் தும்பிக்கை மாதிரி வளைந்து நிற்கிறது. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது பள்ளிப் புத்தகத்தை விட்டுப் போன தும்பிக்கை அது.

பேர் வெட்டியது ஞாபகத்துக்காக அல்ல. பாத்திரம் வீடு திரும்ப வேண்டும் என்பதற்காக. தெருவில் ஒரு காதுகுத்து என்றால் எல்லார் வீட்டு அண்டாவும் தாம்பாளமும் ஒரே பந்தலில் கலக்கும். மறுநாள் பேர் பார்த்துப் பிரிப்பார்கள். அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் குவியலுக்குள் கையை விட்டு, விரலால் தடவியே தன் தவலையை இழுத்துவிடுவாள். அவளுக்குப் படிக்கத் தெரிந்த ஒரே சொல் அது.

அந்தப் பெயர் வேறு எதிலும் இல்லை. வீட்டுப் பத்திரம், பட்டா எல்லாம் தாத்தா பெயரில். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-இல். அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களை அது சேர்க்கவில்லை. அவளோ அதற்கு எத்தனையோ வருடம் முந்தி வாக்கப்பட்டவள். பிறந்த வீட்டிலிருந்து அவளுக்கு வந்தது இந்தத் தவலையும் இரண்டு குடமும்தான். பஞ்ச காலத்தில் மூன்றும் அடகுக்குப் போயின. தவலை மட்டும் மீண்டு வந்தது.

அம்மா காலத்தில் எவர்சில்வர் வந்தது. பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்து, ஈயம் பூசக் காத்திருந்து அலுத்த கைகள் அதைக் கொண்டாடியதில் தப்பே இல்லை. பழைய பித்தளையை எடைக்குப் போட்டுப் புதுசு வாங்கினார்கள். தராசில் பேருக்கு எடை கிடையாது. புது டம்ளர்களில் கடைக்காரர் மிஷினை ‘விர்ர்’ என்று ஓட்டி வெட்டித் தந்தது அப்பாவின் இனிஷியலை. அம்மாவின் பெயர் அவள் அண்ணன் வாங்கித் தந்த ஒரு தூக்குவாளியில் மட்டும் இருந்தது.

இப்போது விசேஷம் என்றால் சமையல்காரரே பாத்திரத்தோடு வந்து இறங்குகிறார். நம் பாத்திரம் வாசல் தாண்டுவதில்லை. தங்கை வீட்டு வாணலிகளெல்லாம் நான்ஸ்டிக். பேர் வெட்டினால் கறுப்புப் பூச்சு பெயர்ந்துவிடும். அதற்குத் தேவையும் இல்லை. வீட்டுப் பத்திரமே அவள் பெயரில்தான் இருக்கிறது.

போன பொங்கலுக்குத் தவலையைத் துலக்கிக்கொண்டிருந்தோம். மூன்றாம் வகுப்புப் படிக்கும் அவள் மகள் எழுத்துக் கூட்டி வாசித்து வந்தாள். கடைசி எழுத்தில் விரல் நின்றுவிட்டது.

“மாமா, இது என்ன எழுத்து?”