பழைய மரத்தில் எழுந்த இல்லம்

திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில், பாறை மிகுந்த குன்றுச் சரிவில் 'ஹாம்லெட்' என்னும் இல்லம் உள்ளது. இங்கிலாந்தில் பிறந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) தம் குடும்பத்திற்கெனச் சிறிது சிறிதாக எழுப்பியது அது. இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் மரவேலைப்பாடுகள் அதில் மறுவாழ்வு பெற்றன. சுவரிற் பதித்த கண்ணாடிப் புட்டிகள் வண்ண ஒளியை உள்ளே விடுகின்றன.

இவ்வாறு பழம்பொருள் கிடைத்ததற்குக் காரணம் முன்னோர் கையாண்ட முறையே. கேரளத் தச்சர் மரங்களைப் பொளிந்து, முளையடித்து இணைத்தனர். ஆதலின் சேதமின்றிக் கழற்ற இயலும். பல்லாண்டு உலர்ந்த மரம் எளிதில் முறுக்கிக்கொள்வதுமில்லை. சுண்ணாம்புச் சாந்திலிட்ட செங்கல்லும் பெரும்பாலும் முழுதாகவே பிரியும். சிமெண்டுச் சாந்தின் பிடிப்போ மிக வன்மையானது. பிரிக்க முயன்றால் செங்கல்லே உடைகிறது. இன்றைய வீடுகள் நாளைய வீட்டிற்கு எதைத் தரும் என்பது ஐயமே.

பழைய மரம் வாங்குவோர் அதனைத் தட்டிப் பார்த்தல் நன்று. வெற்றோசை எழுமாயின், உள்ளே கரையான் அரித்திருக்கக்கூடும்.