மல்லாட்டையைத் தேடினால் புகையிலை வைரஸா?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் நிலக்கடலையை மல்லாட்டை என்பார்கள். அதில் ஒரு பழைய ரகம் டி.எம்.வி. 2. குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து பொறுக்கி எடுத்து, 1940-ல் வெளியிட்டார்கள். டி.எம்.வி. என்பது திண்டிவனத்தின் சுருக்கம்தான்.

இந்த ரகத்தைப் பற்றி ஆய்வேடு எழுத ஒரு மாணவி போனை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூகுள் ஸ்காலரில் ‘டி.எம்.வி.’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் வந்து குவிவது புகையிலைத் தேமல் வைரஸ்! அதற்கும் அதே சுருக்கம். ரகத்தின் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு, கூடவே ‘கிரவுண்ட்நட்’ என்று சேர்த்தால் வைரஸ் விலகிவிடும். அமெரிக்கக் கட்டுரைகளுக்கு ‘பீநட்’. இரண்டையும் பிடிக்க ‘அராக்கிஸ் ஹைபோஜியா’ என்ற தாவரவியல் பெயர்.

அடுத்து, கிடைத்தது வயலில் செய்து பார்த்த ஆய்வா, பிறர் ஆய்வுகளின் தொகுப்பா? ‘மெட்டீரியல்ஸ் அண்ட் மெத்தட்ஸ்’ பகுதியைத் திறந்தால் தெரியும். எந்த ஊர், எந்தப் பருவம், எத்தனை பாத்தி என்ற விவரமும், முடிவில் அட்டவணையும் இருந்தால் கள ஆய்வு.

இதைத் தாண்டிப் போனால் ஆபத்து. டிக்கா இலைப்புள்ளி, துரு நோய் ஆய்வுகளில் டி.எம்.வி. 2-ஐ ஒப்பீட்டுக்காகவே விதைப்பதுண்டு. நோய் தாங்காத ரகம் என்பதால், புது ரகம் எவ்வளவு தாங்குகிறது என்று அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். நோயை வேண்டுமென்றே பரப்பிய வயலின் மகசூலை, சாதாரண வயலின் மகசூலாக ஒருவர் எழுதிவிட்டால், அடுத்தவரும் அதையே நகலெடுப்பார். கடைசியில் ஏமாறுவது விதை வாங்கும் விவசாயி.

அதனால் மூலத்தைத் தேடிப் போகவேண்டும். கட்டுரையின் கடைசியில் உள்ள பட்டியல் பின்னோக்கி அழைத்துப்போகும். கூகுள் ஸ்காலரில் தலைப்பின் கீழே உள்ள ‘சைட்டட் பை’ முன்னோக்கி, அதாவது பிறகு வந்த ஆய்வுகளுக்கு, கூட்டிப்போகும். இந்த வழியை 1964-லேயே அச்சுப் புத்தகமாகக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் யூஜின் கார்ஃபீல்ட்.

கட்டுரைக்குப் பணம் கேட்கிறதா? உடனே கட்ட வேண்டாம். 2025 ஜனவரி 1 முதல் ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டத்தில், 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. முதலில் கல்லூரி நூலகரைக் கேளுங்கள். முனைவர் பட்ட ஆய்வேடுகளோ ‘சோத்கங்கா’ தளத்தில் யாருக்கும் இலவசம்.