திலக் நகர் சுவாசிக்கும் காற்று: எண்ணில் வராத நஞ்சும் கையில் இருக்கும் சட்டமும்

2019 செப்டம்பர் 19 அன்று இரவு, செம்பூர், கோவண்டி, காட்கோபர், பவாய் என்று மும்பையின் பல பகுதிகளில் எரிவாயு கசிவது போல ஒரு நாற்றம் பரவியது. வீட்டுக்கு வீடு அடுப்பை அணைத்தார்கள், சிலிண்டரை மூடினார்கள், தீயணைப்புத் துறைக்கு விடாமல் போன் போட்டார்கள். மகாநகர் கேஸ் நிறுவனத்தார் குழாய்களைச் சோதித்துவிட்டுத் தங்கள் தரப்பில் கசிவு இல்லை என்றார்கள். 2020 ஜூன் 6 இரவு மறுபடியும் அதே நாற்றம். இந்த முறை 17 தீயணைப்பு வண்டிகள் ஆயத்தமாக நிறுத்தப்பட்டன. இரண்டு இரவுகளிலும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு, நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று அந்த நேரத்தில் சொல்ல ஒருவரும் இல்லை.

செம்பூரின் திலக் நகரில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கும் நம்மவர்களுக்கு இது புதிதல்ல. செம்பூருக்கு ‘கேஸ் சேம்பர்’ என்ற கெட்ட பெயர் விழுந்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிறது. பழகிப்போனதால்தான் ஆபத்து அதிகம். இன்று பலரும் போனில் காற்றுத் தர எண்ணைப் பார்த்து, 100-க்குள் இருந்தால் நிம்மதியாகப் பிள்ளைகளை விளையாட அனுப்புகிறோம். அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை செம்பூர்க்காரர்கள் மற்ற ஊர்க்காரர்களைவிடக் கூடுதலாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

2015 முதல் நடைமுறையில் இருக்கும் தேசியக் காற்றுத் தரக் குறியீடு எட்டுப் பொருள்களைக் கணக்கில் எடுக்கிறது: பி.எம்.10, பி.எம்.2.5 என்னும் இரு வகை நுண்துகள்கள், நைட்ரஜன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம். பென்சீன் இதில் இல்லை. டொலுயீன் இல்லை. எண்ணெய்த் தொட்டிகளில் ஏற்றி இறக்கும்போது ஆவியாகிக் கிளம்பும் கரிம வாயுக்கள் எதுவுமே இல்லை. இன்னொன்று, துகள்களுக்கான எண் 24 மணி நேரச் சராசரி. நள்ளிரவில் இரண்டு மணி நேரம் காற்று கெட்டுப்போனாலும், மற்ற 22 மணி நேரத்தோடு கலந்து அது கரைந்துபோய்விடும். எண் பச்சையாக இருக்கும்போதே தொண்டை எரிவது உங்கள் மனப்பிரமை அல்ல.

துகள்களுக்கு வைத்திருக்கும் அளவுகோலும் தளர்வானதுதான். பி.எம்.2.5 ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்று 2009-இல் இந்தியா வைத்த வரம்பு சொல்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்த வரம்பு 5. அரசு கணக்குப்படி நல்ல காற்று என்பது மருத்துவக் கணக்குப்படி நல்ல காற்று ஆகிவிடாது.

நம்மைச் சுற்றி என்ன இருக்கிறது

தெற்கே மாகுல், டிராம்பே. 1954-இலும் 1955-இலும் அங்கே இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. இன்று அவை எச்.பி.சி.எல்., பி.பி.சி.எல். 1956-இல் டாடா அனல் மின்நிலையம், அறுபதுகளில் உர ஆலை, பிறகு ரசாயனங்களைத் தேக்கிவைக்கும் தொட்டி வளாகங்கள். கிழக்கே 1927 முதல் நகரத்தின் குப்பையைச் சுமக்கும் தேவ்நார் மேடு. அது 2016 ஜனவரி இறுதியில் நாள் கணக்கில் எரிந்து, புகை விண்வெளியிலிருந்தே தெரிந்தது; பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் நாட்டின் தொழிற்பகுதிகளுக்கு மாசுக் குறியீடு போட்டபோது செம்பூருக்குக் கிடைத்தது 69.19. எழுபதைத் தாண்டியிருந்தால் நாட்டின் மிக மோசமான பட்டியலில் சேர்ந்திருக்கும்.

இவை பழைய தொல்லைகள். புதிய தொல்லை நம் வாசலிலேயே இருக்கிறது. வீட்டுவசதி வாரியம் கட்டிய நான்கு மாடிக் கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடிபட்டு கோபுரங்கள் எழும்புகின்றன. ஒரு பக்கம் சாந்தாகுரூஸ்–செம்பூர் இணைப்புச் சாலை, மறுபக்கம் கிழக்கு விரைவுச் சாலை, நடுவே எந்நேரமும் சிமென்ட் கலவை லாரிகள். மழைக்காலம் முடிந்ததும் காற்றின் வேகம் குறைகிறது. குளிர்கால விடியலில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்துகொள்ள, தூசியும் புகையும் மேலே எழ வழியின்றித் தங்கிவிடுகின்றன. கடற்காற்று நகரத்தைக் கழுவிவிடும் என்ற பழைய நம்பிக்கை மழைக்காலத்துக்குத்தான் பொருந்தும்.

மாகுல் கற்றுக்கொடுத்தது

மாகுல், அம்பாபாடா கிராமத்து மீனவக் குடும்பங்கள் பக்கத்துத் தொட்டி வளாகத்தின் நாற்றத்தைப் பற்றிப் புகார் கொடுத்துக்கொண்டே இருந்தன. 2013-இல் கே.இ.எம். மருத்துவமனையின் சுவாச நோய்ப் பிரிவு அங்கே ஆய்வு நடத்தியது. 67.1 சதவீதம் பேருக்கு மாதத்தில் மூன்று முறைக்கு மேல் மூச்சுத்திணறல், 86.6 சதவீதம் பேருக்குக் கண் எரிச்சல், 84.5 சதவீதம் பேருக்கு மூச்சடைக்கும் உணர்வு. வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் புனே அமர்வுக்குப் போனது. காற்றின் தரத்தால் அங்குள்ளவர்களின் உடல்நலத்துக்குக் கண்கூடான அச்சுறுத்தல் இருக்கிறது என்று 2015 டிசம்பரில் தீர்ப்பாயம் பதிவு செய்தது. 2020 ஆகஸ்டில் நான்கு நிறுவனங்கள் மீது மொத்தம் சுமார் 286 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது.

நடுவில் நடந்ததுதான் கொடுமை. தீர்ப்பாயம் அப்படிச் சொன்ன பிறகும், 2017-இல் தான்சா குடிநீர்க் குழாயை ஒட்டியிருந்த குடிசைகளை இடித்து, அந்தக் குடும்பங்களை அதே மாகுலில் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். ஆலைச் சுவருக்கும் வீட்டுக்கும் இடையே இருந்தது ஒரு சாலையின் அகலம்தான். நோயும் சாவும் தாங்காமல் 2018 அக்டோபரில் அவர்கள் நமக்குப் பக்கத்து வித்யாவிஹாருக்கே திரும்பி வந்து குழாயோரம் உட்கார்ந்தார்கள். ஓராண்டுக்கு மேல் எழுந்திருக்கவில்லை. ஐ.ஐ.டி. பம்பாயின் அறிக்கையும் அவர்களை இடம் மாற்றச் சொன்னது. 2019 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் இனி யாரையும் அங்கே அனுப்பக் கூடாது என்றது. இருப்பவர்களுக்கு மாதம் 15,000 ரூபாய் வாடகையும் 45,000 ரூபாய் முன்பணமும் கொடுக்கச் சொன்னது. இத்தனைக்கும் பிறகு, காலியாகக் கிடந்த அந்த வீடுகளை 2025-இல் மாநகராட்சி தன் ஊழியர்களுக்கே விலைக்குத் தர முன்வந்தது. இதை நான் வெட்கக்கேடு என்றுதான் சொல்வேன்.

ஆசியாவில் வேகமாகத் தொழில் வளர்த்த நாடுகள் எல்லாவற்றிலும் ஒரு மாகுல் உண்டு. ஜப்பானின் யொக்கைச்சி மீனவர் ஊரை ஒட்டி ஐம்பதுகளின் இறுதியில் எண்ணெய், ரசாயன ஆலைகள் எழுந்தன. ஊர் முழுக்க ஆஸ்துமா. ‘இத்தனை ஆலைகளில் எதன் புகை என் நெஞ்சில் போனது’ என்று நோயாளி நிரூபிக்க வேண்டுமா என்பதுதான் அங்கே கேள்வி. ஒன்பது நோயாளிகள் ஆறு நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டார்கள். ஆறும் கூட்டாகப் பொறுப்பு என்று 1972 ஜூலை 24 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே, மாசால் நோயுற்றவர்களுக்கு இழப்பீடு தர ஜப்பான் சட்டம் இயற்றியது. தாய்லாந்தில் மாப் தா புட் தொழிற்பகுதி மக்கள் போட்ட வழக்கில், 2009-இல் நீதிமன்றம் ஒரே உத்தரவில் 76 திட்டங்களை நிறுத்தி வைத்தது. எங்கேயும் கருவி தானாகப் பேசவில்லை. தேதி போட்ட புகார்களும் மருத்துவச் சீட்டுகளும்தான் பேசின.

சட்டம் உங்களுக்குத் தருவது

மாசற்ற காற்று, அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1981-ஆம் ஆண்டுக் காற்று மாசுத் தடுப்புச் சட்டப்படி, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் காற்றை மாசுபடுத்தும் ஆலையோ சிமென்ட் கலவை நிலையமோ இயங்கக் கூடாது. ஒப்புதல் சீட்டில் எத்தனை நிபந்தனைகள் என்று படித்தால் வியப்பாக இருக்கும். அதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டுமானப் பரப்புள்ள திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும்; ஆறு மாதத்துக்கு ஒருமுறை இணக்க அறிக்கையும் கொடுக்க வேண்டும். இவை கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வாரியத்தின் தலைமையகம் சயானில்தான் இருக்கிறது.

தூசிக்கு, 2023 அக்டோபர் 25 அன்று மாநகராட்சி வெளியிட்ட விதிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கருக்கு மேற்பட்ட மனையிலோ 70 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலோ கட்டினால் 35 அடி தகரத் தடுப்பு, சிறிய மனைக்கு 25 அடி. கட்டடத்தைச் சுற்றிப் பச்சைத் துணி அல்லது தார்ப்பாய் போர்த்த வேண்டும். இடிக்கும்போது தண்ணீர் தெளிக்க வேண்டும். இடிபாடு ஏற்றும் லாரியை மூட வேண்டும். வெளியேறும்போது அதன் சக்கரங்களைக் கழுவ வேண்டும். இவற்றில் எது மீறப்பட்டாலும் நேரம் தெரியும்படி படம் எடுத்து எம்-மேற்கு வார்டு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். போனில் சொல்வதானால் 1916. புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். வாயுவும் நாற்றமும் என்றால் மாநில வாரியத்துக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு ஓய்ந்தது, எந்தத் திசையிலிருந்து, யாருக்கு என்ன செய்தது என்பதை எழுதுங்கள். பத்து வீட்டார் தனித்தனியாகப் பத்துப் புகார் கொடுத்தால், ஒரே நேரத்தைக் குறிக்கும் பத்துச் சாட்சிகள் கிடைக்கும்.

பதில் இல்லையா, அடுத்தது பசுமைத் தீர்ப்பாயம். சாதாரண மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால் அதுவும் இல்லை. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் கெடு உண்டு: மாசை நிறுத்தக் கோரினால் ஆறு மாதத்துக்குள், இழப்பீடு கோரினால் ஐந்து ஆண்டுக்குள் போக வேண்டும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், தொழிலாளர்கள் ஆகியோருக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச வக்கீல் உதவி கிடைக்கும். அழைக்க வேண்டிய எண் 15100. கட்டட வேலையிடத்திலேயே தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருக்கும் தொழிலாளிதான் இந்தத் தூசியை அதிகமாக உட்கொள்கிறார். அவருக்கு இந்த எண்ணைச் சொல்ல நம்மில் யாராவது ஒருவர் வேண்டும்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். 2024 ஏப்ரல் முதல், காற்றுச் சட்ட மீறல்கள் பலவற்றுக்குச் சிறைத் தண்டனை நீக்கப்பட்டு, 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று ஆக்கிவிட்டார்கள். பெரிய நிறுவனத்துக்கு 15 லட்சம் ஒரு பொருட்டே இல்லை. எனவே இழப்பீட்டு வழக்கும், அதற்கு வேண்டிய ஆதாரமும் முன்னைவிட முக்கியமாகிவிட்டன.

ஆதாரத்தில் பாதி உங்கள் உடம்பில்தான் இருக்கிறது. ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றை நுண்துகள்கள் கூட்டுகின்றன. பென்சீன் ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதி செய்யப்பட்டது. வாரக் கணக்கில் இருமல் நின்றபாடில்லை என்றால் இருமல் மருந்தோடு நிறுத்தாமல், சயான் அல்லது ராஜாவாடி மருத்துவமனையில் நுரையீரல் ஊதல் சோதனை செய்துகொள்ளுங்கள். அங்கே தரும் கேஸ் பேப்பரைத் தூக்கிப் போடாதீர்கள். மருத்துவர் பம்ப் கொடுத்தால் ‘பழகிவிடும்’ என்று பயந்து நிறுத்தாதீர்கள். மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் அளவு மிகக் குறைவு. என்-95 முகக்கவசம் துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. நாற்றம் வரும் இரவில் அதை நம்பி வெளியே நிற்க வேண்டாம்.

2018 ஆகஸ்ட் 8 அன்று மாகுல் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு நேர்ந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். சென்னை எண்ணூரில் 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் அம்மோனியா கசிந்தபோது மக்கள் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் தவித்தார்கள். கசிவு என்று தெரிந்தால் காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிப் போங்கள். மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் மூடுங்கள். கேஸ் நாற்றம் என்றால் மின்விளக்கு சுவிட்சைத் தொடாதீர்கள். அபாயத் தொழிற்சாலையால் உயிரோ உடலோ கெட்டால், யார் தவறு என்று நிரூபிக்காமலே முதல் நிவாரணம் பெற 1991-ஆம் ஆண்டுப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வழி செய்கிறது. மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும்.

உங்கள் சொசைட்டி ரீடெவலப்மென்ட்டுக்குப் போகிறதா? பில்டரோடு கூடுதல் சதுர அடி, வாடகை, கார்ப்பஸ் எல்லாம் பேசுகிறோம். அதே ஒப்பந்தத்தில் தூசித் தடுப்பு விதிகளையும், அவற்றை மீறினால் சொசைட்டிக்குத் தர வேண்டிய தொகையையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாகச் சேர்க்கும்படி செயலாளருக்கு இந்த வாரமே எழுதிக் கொடுங்கள்.