கூடிப் பின்னும் கிடுகு

மேனாட்டுப் பெண்டிர் கம்பளி நூலும் ஊசியுமாக ஓரிடத்தில் கூடுவது போலவே, நம் நாட்டுக் கரையோரப் பெண்கள் ஓலையும் கையுமாகக் கூடுவர். புத்தளத்தை அடுத்த தில்லையடி, தென்னை செறிந்த கரையைச் சார்ந்த ஊர். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பலர் இங்கு அடைக்கலம் புகுந்தனர். பனையோலையோடு பழகிய அவர்களுக்கு இங்கே முதல் நிழல் தந்தது தென்னங்கிடுகு.

கிடுகு பின்னும் முறை எளிது. ஓலையை நடுமட்டையோடு இரண்டாகப் பிளந்து, நீரில் ஊறவைத்து, ஈரம் உலருமுன் இதழ்களை மாற்றி மாற்றிக் கோப்பர். பழகிய விரல்கள் தாமாகவே இயங்கும். கண்ணுக்கும் நாவுக்கும் வேலை மிகக் குறைவு. ஆகவே பேச்சுப் பிறக்கிறது. முகம் பார்த்துச் சொல்லவியலாத துயரையும் ஓலையைப் பார்த்தபடி சொல்லிவிடலாம். இழந்த வீட்டைப் பற்றிய பேச்சும், மகளின் திருமணம் பற்றிய யோசனையும், இடையே எழும் சிரிப்பும் ஒரே பின்னலில் இணைகின்றன. அருகிருக்கும் சிறுமி, பாடமென்று அறியாமலே தொழிலைக் கற்கிறாள்.

கிடுகுக் கூரை நெடுங்காலம் நில்லாது. ஓரிரு மாரிக்குப் பின் மீண்டும் வேய வேண்டும். மீண்டும் கூட வேண்டும். கல்வீடும் ஓட்டுக்கூரையும் வந்தபின் அத்தேவை குறைந்தது. மழைக்கு அஞ்சாத கூரை பெரும்பேறே. ஆயினும், கூரை மாறினாலும் கூடியிருக்கும் வழக்கம் மாறாதிருத்தல் வேண்டும். ஓலையோ, நூலோ, எதுவாயினும் கைக்கு ஒரு வேலையும் அருகே ஒரு தோழியும் இருந்தால், மனத்தின் சுமை பாதியாகும்.