இழுபடாமலே நீளும் செயின்

மைசூரின் பெயரை நாடெங்கும் கொண்டுபோன எஞ்சினில் டைமிங் செயினே கிடையாது. யாதவகிரியில் ஐடியல் ஜாவா ஆலை 1961 முதல் 1996 வரை செய்த ஜாவாவும் யெஸ்டியும் டூ-ஸ்ட்ரோக் வண்டிகள். சிலிண்டர் சுவரில் துளைகள் இருக்கும். மேலும் கீழும் போய்வரும் பிஸ்டனே அவற்றை மூடித் திறக்கும். வால்வும் கேம் ஷாஃப்டும் இல்லாதபோது அவற்றை ஓட்டச் செயின் எதற்கு?

கார் எஞ்சின் ஃபோர்-ஸ்ட்ரோக். பிஸ்டன் சுழற்றும் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வைத் திறக்கும் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். இந்தக் கணக்கைக் காப்பதுதான் செயினின் வேலை. பல எஞ்சின்களில் வால்வு இறங்கும் இடத்துக்கே பிஸ்டனும் ஏறி வருகிறது. நேரம் தவறினால் இரண்டும் முட்டிக்கொள்ளும். வால்வு வளையும், ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும்.

ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது, செயினை மாற்றிவிடலாமா? பெல்ட்டாக இருந்தால் பதில் சுலபம். பெங்களூரு–மைசூரு சாலையில் பிடதியில் தயாராகும் இன்னோவாவையே பார்க்கலாம். 2005-இல் வந்த டீசல் இன்னோவாவில் டைமிங் பெல்ட். ரப்பர் என்பதால் அதற்குக் கெடு உண்டு. 2016-இல் வந்த கிரிஸ்டா டீசலில் செயின். செயினுக்கு அப்படி நாள் குறிப்பதில்லை. ‘ஆயுள் முழுக்க வரும்’ என்பார்கள். யாருடைய ஆயுள் என்று யாரும் சொல்வதில்லை.

செயின் நீள்வது உண்மை. ஆனால் இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின்னும் அதைச் சுற்றி ஒரு புஷ்ஷும் உரசுகின்றன. 8 மில்லிமீட்டர் இடைவெளியில் 130 கண்ணிகள் உள்ள செயின் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மூட்டிலும் 0.02 மில்லிமீட்டர், அதாவது தலைமுடியின் தடிமனைவிடக் குறைவாகத் தேய்ந்தாலே மொத்தம் 2.6 மில்லிமீட்டர் கூடிவிடும்.

தொய்வை டென்ஷனர் இழுத்துப் பிடித்துவிடுமே என்று தோன்றும். பிடிக்கும்தான், ஆனால் தொய்ந்த பக்கத்தில் மட்டும். கிராங்க் கேமை இழுக்கிற பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடினால், 36 பல் உள்ள கேம் ஸ்பிராக்கெட் ஒன்றேகால் டிகிரி பின்தங்குகிறது. கிராங்க் கணக்கில் அது இரண்டரை டிகிரி. இதை டென்ஷனரால் ஈடுகட்ட முடியாது. வண்டியின் கம்ப்யூட்டர் மட்டும் கிராங்க் சென்சாரையும் கேம் சென்சாரையும் ஒப்பிட்டுப் பார்த்து, வித்தியாசம் எல்லை மீறினால் பி0016 என்ற பிழைக் குறியீட்டைப் பதிந்து எஞ்சின் எச்சரிக்கை விளக்கை எரியவைக்கும். சென்சார் கெட்டாலும் இதே குறியீடு வரலாம் என்பதால், இதை மட்டும் நம்பி எஞ்சினைப் பிரிக்கக் கூடாது.

பெரும்பாலும் விளக்கு எரிவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். டென்ஷனர் பெரும்பாலும் ஆயில் அழுத்தத்தில் இயங்குவது. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நொடி கர்ரென்று சத்தம் வந்து அடங்கினால், ஆயில் வந்து சேரும்வரை செயின் தளர்ந்து கைடில் அடிபடுகிறது என்று பொருள். சூடான பிறகும் சத்தம் நிற்காவிட்டால் தள்ளிப்போட வேண்டாம்.

மூட்டைத் தேய்ப்பதும் காப்பதும் ஆயில்தான். டீசல் கரி கலந்த ஆயில் பின்னை மெல்ல அராவும். அதனால் மைசூரிலிருந்து மடிக்கேரிக்கு நெடுந்தூரம் ஓடுகிற, காலத்தில் ஆயில் மாற்றிய டாக்சியின் செயின் பல லட்சம் தாண்டியும் நன்றாக இருக்கலாம். சரஸ்வதிபுரத்திலிருந்து தேவராஜ மார்க்கெட் வரை போய்த் திரும்புகிற, ஆயிலைத் தள்ளிப்போட்ட வீட்டுக் கார் அதில் பாதி ஓடுமுன்பே சத்தம் போடலாம். எஞ்சின் சூடேறாத சின்ன ஓட்டங்களில் எரிபொருளும் ஆயிலில் கலக்கிறது.

மாற்றுவதென்றால் செயினை மட்டும் மாற்றாதீர்கள். தேய்ந்த பல் புதுச் செயினைச் சீக்கிரம் தின்றுவிடும். ஸ்பிராக்கெட், கைடு, டென்ஷனர் எல்லாம் சேர்ந்த கிட்டாகப் போடுவதே சிக்கனம். கூலியில் பெரும்பங்கு பிரித்துக் கோர்ப்பதற்குத்தான். பூட்டிய பிறகு நல்ல மெக்கானிக் உடனே சாவியைத் திருகமாட்டார். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையாலேயே இரண்டு சுற்று சுற்றுவார். கேம் ஒரு முழுச் சுற்று வந்து, குறிகள் மறுபடி நேருக்கு நேர் நிற்க வேண்டும். நடுவில் எங்காவது கெட்டியாகத் தடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுவார். அது வால்வில் பிஸ்டன் முட்டுவதாக இருக்கலாம்.